பன்னிரண்டாவது தெறி

நான் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். ஸ்காபரோவில் கார்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கடைசி மேசை என்னுடையது. எனக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் எதையாவது செய்கிறவர்கள். நான் ஒன்றும் செய்வதில்லை. விளக்குப் பூட்டிய பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, நல்லதைப் பச்சைப் பெட்டிக்குள்ளும் மற்றதைச் சிவப்புப் பெட்டிக்குள்ளும் போடுவேன். இடைக்கிடை மேலாளர் எனக்குச் சொல்லாமல் ஒரு பழுதான உருப்படியை வரிசைக்குள் கலந்துவிடுவார். நான் கண்ணை விழித்துக்கொண்டு இருக்கிறேனா என்று பார்க்கிற சோதனை அது. இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் நான் அதில் தவறியதில்லை. பிறந்தநாள் விருந்துகளில் இதை நானாகவே எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட ஒருவன் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதுபோலக் கண்ணையும் கழற்றி வாசலில் விட முடியாது. என் மகள் மூன்றாம் வகுப்பில் ஐஸ்கிறீம் குச்சிகளால் ஒரு பாலம் கட்டினாள். அவள் கட்டினாள் என்பது ஒரு பேச்சுக்கு. குச்சிகளை வேலையிடத்து அளவுகோலால் அளந்து, நீளம் கூடியவற்றை விலக்கி, பசை காயும்வரை பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். அவள் பெயர் எழுதினாள். ஐந்தாம் வகுப்பில் சூரிய குடும்பம் செய்யச் சொன்னார்கள். சனிக்கிரகத்தின் வளையம் சுற்றுவதற்கு ஒரு சின்ன மோட்டார் பூட்டினேன். ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஏ பிளஸ் கொடுத்திருப்பதாக வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னாராம். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மகள் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். பசியாக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் நீச்சல் தொடங்கிக் கைவிட்டாள், கீபோட் தொடங்கிக் கைவிட்டாள், நடனத்தையும் செஸ்ஸையும் பாதியில் விட்டாள். எல்லா வகுப்புக்கும் நான் கூடவே போயிருந்தேன், குறிப்புப் புத்தகத்தோடு. "உவள் தொடங்குவாள், முடிக்கமாட்டாள்" என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னது நானும் மனைவியும்தான், சாட்சிகளும் நாங்கள்தான்.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது மனைவி நூலகத்திலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தாள். டோர்செட் பார்க்கில் உள்ள சமூக நிலையத்தில், இந்த ஊரில் குடியிருக்கும் மொரோக்கோ கைவினைஞர்கள் ஆறு சனிக்கிழமை குடும்பங்களுக்குத் தங்கள் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார்களாம். பெற்றோர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் சேர்ந்து வரவேண்டும். மனைவிக்குச் சனிக்கிழமைகளில் மருந்துக்கடையில் வேலை.

"நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ. வீட்டில இருந்து ஆளையாள் குறை சொல்லுறதைவிட அது திறம்," என்றாள்.

மூன்று வகுப்புகள் இருந்தன. ஒன்று பித்தளைத் தட்டில் பூ வெட்டுவது, மற்றது தோல் செருப்புத் தைப்பது, மூன்றாவது நூலால் சட்டைத் தெறி, அதாவது பொத்தான், செய்வது. எங்கள் சனம் வழக்கத்துக்கு மாறாக நேரத்துக்கு வந்து பித்தளையைப் பிடித்துவிட்டது. பித்தளை என்றால் வரவேற்பறையில் வைத்து நாலு பேருக்குக் காட்டலாம். செருப்பும் நிறைந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது தெறி மட்டும் மிஞ்சியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுவரை தெறியைப் பூட்டியும் கழற்றியும் வந்திருக்கிறேன், அதை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்வார் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

கற்பித்த பெண் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். கிழமை நாட்களில் பிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை. காலையும் மாலையும் பஸ்ஸில் இருந்தபடியே தெறி செய்வாளாம். அவர்களுடைய கல்யாண அங்கிக்குக் கழுத்திலிருந்து கால்வரை தெறி வேண்டும், ஆகவே இந்த ஊரில் கல்யாணம் நடக்கிறவரை தனக்கு வேலை உண்டு என்றாள். அவளோடு நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் அவள் ஊசியை எடுப்பதற்கு முன்பே எங்கள் பெற்றோர் கேள்விகளைத் தொடங்கிவிட்டார்கள். முடிவில் சேட்டிபிக்கற் உண்டா? பள்ளிக்கூடம் கேட்கிற தொண்டு வேலை மணித்தியாலக் கணக்கில் இதைச் சேர்க்கலாமா? அடுத்த நிலை வகுப்பு எப்போது தொடங்கும்? கடைசிக் கேள்வி என்னுடையது. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிவில் உங்களிடம் தெறி இருக்கும்," என்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்த் தாய் ஒருவர் தன் மகனிடம் அதையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை இதுதான். தடித்த கடதாசியில் ஒரு சிறு துண்டை வெட்டி, பயற்றங்கொட்டை அளவுக்குச் சுருட்ட வேண்டும். அதைச் சுற்றிப் பட்டுப்போல மினுங்குகிற நூலால் முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசையாக ஏற்றி, கடதாசி தெரியாமல் மூட வேண்டும். முதல் நாள் பெற்றோரும் பிள்ளைகளும் ஆளுக்கு ஒன்று செய்து பார்த்தோம். பிறகு அவள் வேலையைப் பிரித்தாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கை இல்லாத ஒரு குட்டை மேற்சட்டை. அதற்குரிய இருபத்தொரு தெறிகளையும் பிள்ளை செய்ய வேண்டும். தெறி நுழைகிற கண்ணிகளை நூல் முறுக்கிப் பெற்றோர் செய்ய வேண்டும். கண்ணி என்பது மூளை தேவைப்படாத வேலை. என்னை அவள் சரியாகத்தான் எடை போட்டிருந்தாள்.

மகள் கத்தரிப்பூ நிற நூலை எடுத்தாள். ஜூன் மாதம் வருகிற எட்டாம் வகுப்புப் பட்டமளிப்பு நாளில், வெள்ளைச் சட்டைக்கு மேல் இதைத்தான் போடப் போவதாக அப்போதே அறிவித்துவிட்டாள். அவள் எதையாவது முடிக்கப் போவதாகத் தானாகச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அவளுடைய தெறியை எடுத்து, சாய்ந்திருந்த ஒரு முடிச்சை இழுத்து நிமிர்த்தினேன்.

அவள் அதைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, என்ரையைத் தொடக்கூடாது. சீரியஸ்லி. தொட்டியள் எண்டா நான் இனி உங்களோட ஒண்டுக்கும் வரமாட்டன். நத்திங்."

"நான் என்ன, சும்மா..."

"சும்மாவும் தொடக்கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்," என்றேன். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

அடுத்த கிழமைகளில் நான் கண்ணி முறுக்கினேன். ஊசியில் நூல் கோக்கத்தான் எனக்குக் கண் பிடிக்கவில்லை. தொழிற்சாலைக் கண்ணாடி இல்லாமல் ஊசியின் ஓட்டை எனக்கு ஒரு வதந்திதான். நான் இரண்டாவது தடவை குறி தவறுவதற்குள் மகள், "குடுங்கோ" என்று என் கையிலிருந்து பிடுங்கி, ஒரே குத்தில் கோத்துத் தருவாள். யாரிடம் பழகினாள் அந்தப் பிடுங்கலை என்று நான் யோசிக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமையோடு அவளுடைய இருபத்தொரு தெறிகளும் முடிந்துவிட்டன. மறுநாள் காலை அவள் எழும்புமுன் அவை சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டில் கிடந்தன. நான் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்தேன். பார்த்தால் என்ன, பார்ப்பது தொடுவதாகாது. எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. சிலது கொஞ்சம், சிலது மோசம். அந்த மேசையில் பச்சைப் பெட்டியும் இல்லை, சிவப்புப் பெட்டியும் இல்லை. ஆனால் கை தன்பாட்டில் பிரித்துவிட்டது. பதினாறு ஒரு பக்கம், ஐந்து மறு பக்கம்.

பட்டமளிப்பு நாளில் நூறு பேர் பார்க்கிற உடுப்பில் ஐந்து கோணல் தெறிகள். பிள்ளையை யாராவது பகிடி பண்ணினால்? அவள் மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டால்? இப்படியெல்லாம் நல்ல நல்ல காரணங்கள் எனக்கு வரிசையாக வந்தன. எனக்குக் காரணங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

திங்கட்கிழமை அந்த ஐந்தையும் மருந்துக் குப்பி ஒன்றுக்குள் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். அதே நிற நூல் வேறு இல்லாதபடியால் அவள் செய்தவற்றைப் பிரித்து, கேத்தல் ஆவியில் பிடித்துச் சுருக்கம் எடுத்து, அதே நூலால் புதிதாகச் செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு, தேநீர் இடைவேளைகளில் மூன்று. பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு முடிச்சும் கச்சிதமாக வந்தது. பிழை பிடிக்கிற மேசையில் முதல் தடவையாக நான் ஒன்றைச் செய்திருந்தேன். பின்னேரம் வீட்டுக்குப் போய், அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் தட்டில் கலந்துவிட்டேன். மேலாளர் பழுதான உருப்படியை வரிசையில் கலப்பதுபோல நான் பழுதில்லாததைக் கலந்தேன். பெரிய வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன்.

ஆறாவது சனிக்கிழமை எல்லோருடைய தெறிகளையும் மேசைமேல் பரப்பச் சொன்னாள் ஆசிரியை. தைப்பதற்கு முன் தான் பார்க்க வேண்டுமாம். பார்க்க வேண்டும் என்றாளே ஒழிய, அவள் பார்க்கவே இல்லை. யாரோடோ கதைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். மகளின் தட்டுக்கு வந்தாள். உருட்டினாள். ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு இன்னொன்று. ஐந்தாவதை வைத்துவிட்டுத்தான் கதையை நிறுத்தினாள்.

"இங்கே இரண்டு கைகள் இருக்கின்றன," என்றாள்.

ஒரு உடுப்புக்கு ஒரு கைதான் என்று விளக்கினாள். ஒவ்வொரு கையும் நூலை ஒவ்வொரு விதமாக இழுக்கும். அவசரமான கல்யாணமாக இருந்தாலும் இரண்டு பேர் செய்ததைக் கலந்து தைப்பதில்லை, போடுகிறவளின் விரலுக்கு ஒவ்வொரு நாளும் அது தெரியும் என்றாள். பிறகு ஓரத்தில் கிடந்த ஐந்தையும் காட்டி, "இவை மிகவும் அழகானவை," என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது.

"இவை யாருடையவை?"

"எல்லாம் என்னுடையவை," என்றாள் மகள், உடனேயே. "வேறு மாதிரிச் செய்து பார்த்தேன்."

ஆசிரியை சரி, பிழை சொல்லவில்லை. ஊசியையும் நூலையும் அவளுக்கு முன்னால் வைத்து, "அதைப்போல ஒன்று செய், பார்ப்போம்," என்றாள். உண்மையாகவே ஆசையோடுதான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

மகள் செய்யத் தொடங்கினாள். மற்றக் குடும்பங்கள் வந்து சுற்றி நின்றன. பக்கத்துத் தமிழ்த் தாய் மட்டும் தன் மகனுடைய தெறிகளைச் சத்தம் போடாமல் வழித்துக் கைப்பைக்குள் போட்டார். மகளின் தெறி மூன்றாவது வரிசையிலேயே இடப்பக்கம் சாய்ந்தது. பிரித்தாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் சாய்ந்தது. அவளுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்றுதான் திரும்பாமல் இருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான்தான் செய்தேன்," என்றேன். ஆங்கிலத்தில் என் குரல் எப்போதும் தேவைக்கு மேல் சத்தமாகத்தான் வரும். செருப்பு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஆசிரியை என்னை ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவள் அந்த ஐந்தையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இவை உங்களுடையவை. இன்னும் பதினாறு செய்தால் உங்களுக்கும் ஒரு உடுப்பு வரும்," என்றாள். மகளிடம் அவள் செய்த பழைய ஐந்தும் எங்கே என்று கேட்டாள். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிரித்துவிட்டேன் என்றேன். ஆசிரியையின் முகம் மாறியது அந்த ஒரு இடத்தில்தான். பைக்குள் தேடி, கத்தரிப்பூ நிறத்தில் வேறொரு நூல் எடுத்துக் கொடுத்தாள். அது வேறு தடவை சாயம் போட்டது, சற்று வெளிறியிருந்தது. மற்றப் பிள்ளைகள் அன்றே தைத்து முடித்துப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார்கள். என் மகள் துணியையும் பதினாறு தெறிகளையும் பையில் வைத்துக்கொண்டு காருக்கு வந்தாள்.

கென்னடி வீதியில் மூன்று சிக்னல் தாண்டினோம்.

"எனக்கு டியூஸ்டேயே தெரியும்," என்றாள்.

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"அப்ப அங்கை ஏன் பொய் சொன்னனீ?"

ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள். "உண்மையைச் சொன்னா எல்லாரும் உங்களைத்தானே பாத்திருப்பினம், அப்பா."

என்னால் அதற்கு மேல் கார் ஓட்ட முடியவில்லை. ஒரு கோப்பிக் கடையின் முன்னால் நிறுத்திவிட்டு, கோப்பி வாங்கப் போவதாகச் சொல்லி இறங்கிப்போய், கழிப்பறையில் நின்று அழுதேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதைத் திருத்தி வைக்கப் பார்த்திருக்கிறாள். அவள் என்னிடமிருந்து வேறு எதைப் பழகினாளோ தெரியாது, இதைப் பழகியிருந்தாள். திரும்பி வந்தபோது கோப்பி வாங்க மறந்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். அந்த வசந்தகாலம் முழுக்க என்னோடு அவள் ஓரிடத்துக்கும் வரவில்லை. பல் வைத்தியரிடம்கூடத் தாயோடுதான் போனாள். பையும் துணியும் அவளுடைய அறைக்குள் போயின, கதவு சாத்தப்பட்டது. உள்ளே வேலை நடக்கிறதா, வீட்டுத் தீர்ப்பு மறுபடியும் நிறைவேறுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தகுதியும் இருக்கவில்லை. என்னுடைய ஐந்து தெறிகளும் மருந்துக் குப்பிக்குள் கிடந்தன. ஒருநாள் மனைவி தலையிடிக் குளிசை என்று நினைத்து அதைத் திறந்துவிட்டு, "வீட்டில ஒரு சாமான் அதின்ரை இடத்தில இல்லை" என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பகல், மகள் மேற்சட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பக்கத்தில் ஊசியும் நூலும் கத்தரிக்கோலும். "தலை முழுகப் போறன்," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தொன்றும் இருந்தன. ஐந்து வெளிறியிருந்தன, மூன்றடி தள்ளி நின்றாலும் தெரியும், அது என் வேலை. இருபத்தொன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, எல்லாம் ஒரேயளவாக. தொழிற்சாலையில் ஒரு உருப்படி சாய்ந்தால் அது பழுது. எல்லாம் ஒரேபோலச் சாய்ந்து வந்தால் நாங்கள் அதைப் பழுது என்பதில்லை, இயந்திரத்தின் வைப்பு அப்படி என்று எழுதிவிட்டு அதற்கேற்ப மற்றவற்றை மாற்றுவோம். இது என் மகளின் வைப்பு. அழகாக இருந்தது. நான் பிழை தேடாமல் பார்த்ததால் அப்படித் தெரிந்ததோ தெரியாது.

பிறகு பன்னிரண்டாவதைக் கண்டேன். அது கண்ணிக்கு நேராக இல்லை. அரை விரல் கீழே தைக்கப்பட்டிருந்தது. பூட்டினால் துணி அந்த இடத்தில் இழுபட்டுச் சுருங்கும். இரண்டு நிமிட வேலை. வெட்டி, மேலே நகர்த்தி, நாலு குத்து. மேலே குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஊசி எனக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தேன். அந்த வழியாகப் போன மனைவி என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் உப்பிடி இருக்கிறியள்? வயித்துக்குள்ள குத்தோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மகள் தலையில் துவாய் சுற்றிக்கொண்டு வந்தாள். மற்ற இருபதையும் அவள் பார்க்கவில்லை. நேரே பன்னிரண்டாவதைப் பார்த்தாள், குனிந்து நூலையும் பார்த்தாள்.

"தொடேல்லையோ?"

"இல்லை."

"கண்டனீங்களோ?"

"பன்னிரண்டாவது. அரை விரல்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் துவாயால் வாயை மூடினாள். சோதனைக்காகக் கலக்கிற பழுதான உருப்படியைப் பற்றி நான் விருந்துகளில் சொன்னதை ஒருவராவது கேட்டிருக்கிறார்.

என் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். பன்னிரண்டாவதை வெட்டி எடுத்தாள். புது நூல் ஒரு முழம் அறுத்தாள். பிறகு ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள்.

"கோத்துத் தாங்கோ. உங்களுக்கும் ஒரு வேலை வேணுந்தானே."

வாங்கினேன். நூல் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கிக் குறி பார்த்தேன். தவறியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தவறியது. நூல் பிரிந்துவிட்டது, நுனியை வெட்டினேன், மறுபடி பிடித்தேன். ஊசி இரண்டாகத் தெரிந்தது. மேசையிலிருந்து அவளுடைய வலது கை ஒரு தடவை எழும்பியதைக் கண்டேன். குடுங்கோ என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அவள் அந்தக் கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நான் கோத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தாள்.